கழிக்க வேண்டிய ஐந்து மணி

ஆகஸ்ட் 4, திங்கள்

ஆடிக் காற்று. மாடியில் காயப் போட்ட தலையணை உறை பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டி மேல். பி.பி. மாத்திரை வாங்க வேண்டும். வீட்டுக்காரர் எட்வினுக்கு மூக்குக் கண்ணாடி ரிப்பேர்.

பல வருடம் முன்பு ஒன்பதாம் வகுப்பில் கடைசி பெஞ்சுப் பெண் ஒருத்தி கேட்டாள்: "மிஸ், ரெண்டு ஊருக்கு நடுவுல எவ்ளோ தூரம்னு, அங்க போகாமலே எப்படி மிஸ் கண்டுபிடிக்கிறாங்க?" அதற்குள் மணி அடித்துவிட்டது. மறுநாள் ஒரு சாத்துக்குடியும் பூக்கட்டும் நூலும் கொண்டுபோய், பழத்தின் மேல் நூலை வைத்துக் காட்டினேன். வகுப்பே சாத்துக்குடி யாருக்கு என்பதில்தான் கவனமாக இருந்தது.

இன்று வள்ளி அதே கேள்வியைக் கேட்டாள். பதினான்கு வருடமாகக் கோவளத்திலிருந்து பஸ் ஏறி வந்து நம் வாசலில் மீன் போடுகிறாள். ஒரு நாளும் என்னிடம் எதுவும் கேட்டதில்லை. இன்று காரப்பொடி மீனை அளந்து போட்டுவிட்டு, கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு போனை நீட்டினாள்.

"இத்த பாரு டீச்சரம்மா. சேகரு டிக்கெட்டு. எவ்ளோ தூரம், எத்தினி மணி நேரம் புள்ள ஆகாசத்துல இருப்பான், சொல்லேன்."

சேகர் அவள் மகன். டிப்ளமோ. மறைமலை நகரில் கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் ஒப்பந்த வேலை, மே மாதத்தோடு முடிந்தது. இப்போது நியூசிலாந்தில் மீன் பதப்படுத்தும் இடத்தில் வேலையாம். ஏஜென்ட் ஒருவர் ஏற்பாடு. புதன் இரவு கிளம்புகிறான்.

"அவங்கப்பா ஒத்துக்கல. ஆடில எவனாவது புள்ளய வெளியூரு அனுப்புவானான்னு ஒரே பேஜாரு. ஏன் இம்மாம் அவசரம்னு கேக்குது. கடசீல, டீச்சரம்மா பாத்து சரின்னா போட்டும்னு சொல்ச்சி."

டிக்கெட்டைக் குறித்துக்கொண்டேன். சென்னை – பாங்காக், வியாழன் அதிகாலை. பாங்காக் – ஆக்லாந்து, வியாழன் 09.10 புறப்பாடு, அதே வியாழன் 15.40 இறக்கம். அந்தந்த ஊர் நேரம்.

போகும்போது சொன்னாள்: "யாருக்கும் காட்டக்கூடாதுன்னு ஏஜென்ட்டு சொல்லிக்கிறாரு. நீ யார்கிட்டயும் சொல்லாத."

ஒரு டிக்கெட்டை ஏன் காட்டக்கூடாது?

ஆகஸ்ட் 5, செவ்வாய்

வெயில். மாத்திரை வாங்கியாயிற்று. கண்ணாடி இல்லை.

பெஞ்சு, நோட்டு, பழைய மடக்கை அட்டவணை. போனில் ஒரு நொடியில் கிடைக்கும் என்றார் எட்வின். கிடைக்கட்டும். கையால் போட்டு எத்தனை நாளாயிற்று.

பாங்காக்: வடக்கு 13.69 டிகிரி, கிழக்கு 100.75.
ஆக்லாந்து: தெற்கு 37.01, கிழக்கு 174.79.
கிழக்குக் கோணங்களின் வித்தியாசம் 74.04.

சைன்களின் பெருக்கல் ஒன்று. கொசைன்கள் மூன்றின் பெருக்கல் ஒன்று. இரண்டையும் கூட்டினால், பூமியின் நடுவிலிருந்து பார்க்க இரு ஊருக்கும் இடையே உள்ள கோணத்தின் கொசைன். முதல் தடவை 69 டிகிரி சொச்சம் வந்தது. 7,689 கி.மீ. உலக உருண்டையில் நூல் வைத்துப் பார்த்தால் பத்தொன்பது சென்டிமீட்டர். நம் உருண்டையில் ஒரு செ.மீ. என்பது 500 கி.மீ. அப்படியானால் 9,500 வர வேண்டும். எங்கே தப்பு? ஆக்லாந்து தெற்கே இருக்கிறது, மைனஸ் போட மறந்துவிட்டேன். போட்டதும் 85.93 டிகிரி. டிகிரிக்கு 111.19 கி.மீ.

9,555 கி.மீ.

மணிக்கு 850 என்று வைத்தால் பதினொன்றேகால் மணி. ஏற, இறங்கக் கொஞ்சம். பதினொன்றரை.

டிக்கெட்டில் 9.10 முதல் 15.40 வரை ஆறரை மணிதான். ஒரு கணம் பயந்துபோனேன். அப்புறம் நினைவு வந்தது, நேர வித்தியாசம். ஆக்லாந்துக்கும் பாங்காக்குக்கும் இந்த மாதத்தில் ஐந்து மணி. ஆறரையும் ஐந்தும் பதினொன்றரை. கச்சிதமாகப் பொருந்துகிறது. சின்னப் பெண் மாதிரி சந்தோஷம். எட்வினிடம் நோட்டைக் காட்டினேன். "நூத்துக்கு நூறு போட்டுக்கோ ரூத்" என்றார், கண்ணாடி இல்லாமலே.

வள்ளிக்குப் போன் செய்தேன். "சரியா இருக்கு வள்ளி. பதினொன்றரை மணி நேரம் பறப்பான்."

அவள் அங்கேயே யாரிடமோ உரக்கச் சொன்னது கேட்டது: "கேட்டுக்கினியா? டீச்சரம்மாவே சொல்ட்டாங்க."

ஆகஸ்ட் 6, புதன்

மதியம் சேகரே வந்தான், பெரிய வஞ்சரத்துண்டோடு. இதற்கு முன் இரண்டு முறைதான் பார்த்திருக்கிறேன். தாயின் அதே நெற்றி. உட்காரச் சொன்னால் நாற்காலி நுனியில் உட்கார்ந்தான்.

எட்வின் ரயில்வேயில் முப்பத்தாறு வருடம். டிக்கெட் என்றால் சும்மா இருக்க மாட்டார். "விசா எங்கப்பா?"

"பாங்காக்ல குடுப்பாங்களாம் சார்."

"அங்க எதுக்கு?"

"அங்க தான் அவங்க மெயின் ஆபீஸாம் சார். இங்க ஏர்போர்ட்ல கேட்டா டூரிஸ்ட்டுன்னு சொல்லச் சொன்னாங்க. நாலு நாள் சுத்திப் பாக்கப் போறோம்னு. ரிட்டர்ன் டிக்கெட் ஒண்ணு குடுத்துக்கீறாங்க. அது சும்மா காட்டறதுக்கு."

எட்வின் என்னைப் பார்த்தார். நான் காபி கலக்கப் போனேன். சர்க்கரை இரண்டு முறை போட்டுவிட்டேன்.

வேலை என்ன என்று கேட்டேன். மீன் வெட்டும் மெஷின் பக்கம் என்றான். "அப்பா வேற சிரிக்கிறாரு டீச்சர். கடலை வுட்டுட்டு ஓடுறியே, அங்கயும் மீனு தானேன்னு." பிறகு, "ஆனா கம்ப்யூட்டர்ல டைப்பிங் டெஸ்ட் வெச்சாங்க. எதுக்குன்னு தெரில."

வாசலில் செருப்பு மாட்டும்போது, "அம்மா கிட்ட டெய்லி பேசுவேன் டீச்சர். அவங்களுக்குப் படிக்க வராது, நான் எப்பவும் வாய்ஸ் தான் அனுப்புவேன்" என்றான்.

மீன் வெட்டுகிறவனுக்கு எதற்கு டைப்பிங்? எட்வின் படுக்கப் போகும்போது, "உன் கணக்கு சரிதானே?" என்றார். சரி என்றேன்.

ஆகஸ்ட் 7, வியாழன்

காலை 5.40. சிட்னியிலிருந்து தங்கை ஹெலன் வாட்ஸ்அப்பில்: "அக்கா, எழுந்தாச்சா? இங்க பத்து மணி தாண்டிடுச்சு. துணி துவைச்சுக் காயப் போட்டுட்டேன்."

பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. அணைக்காமல் நின்றிருக்கிறேன்.

கிழக்கே இருப்பவர்களுக்கு மணி முன்னால். ஹெலனுக்கு எனக்கு முன்பே விடிகிறது. பாங்காக்கிலிருந்து கிழக்கே போகிறவன் இறங்கும்போது அங்கே கடிகாரம் ஏற்கெனவே ஐந்து மணி முன்னால் நிற்கும். அந்த ஐந்து மணி அவன் பறந்தது அல்ல. கழிக்க வேண்டும். நான் கூட்டியிருக்கிறேன்.

6½ − 5 = 1½.

9,555 கி.மீ. தூரத்தை ஒன்றரை மணியில். மணிக்கு 6,370. அப்படி ஒரு விமானம் உலகத்தில் இல்லை. உண்மையான டிக்கெட் என்றால் வெள்ளிக்கிழமை அதிகாலை 1.40 என்று போட்டிருக்கும்.

அந்த டிக்கெட்டை உட்கார்ந்து தயாரித்தவனும் நேர வித்தியாசத்தைத் தலைகீழாகப் போட்டிருக்கிறான். என் தப்பும் அவன் தப்பும் ஒன்று. அதனால்தான் அவ்வளவு அழகாகப் பொருந்தியது.

புத்தகத்தின் பின்பக்கம் விடையைப் பார்த்துவிட்டு அதற்கேற்ற மாதிரி வழி எழுதும் பிள்ளைகளுக்கு முப்பத்திரண்டு வருடம் மார்க் குறைத்தேன். பதினொன்றரை வர வேண்டும் என்று தெரிந்திருந்தது. வரவைத்தேன்.

6.05. அங்கே இப்போது 7.35. விமான நிலையத்தில்தான் இருப்பான்.

6.10 வள்ளிக்குப் போன். எடுக்கவில்லை. 6.14. 6.20. 6.29. சேகர் நம்பரோ, வள்ளி புருஷன் ஏழுமலை நம்பரோ என்னிடம் இல்லை.

6.41 எடுத்தாள். பின்னால் கூச்சல். "ஏலத்துல கீறேன் டீச்சரம்மா. இன்னிக்கி சங்கரா தான் வந்துகீது, வஞ்சரம் இல்ல."

சொன்னேன். முதலில் புரியவில்லை. மறுபடி சொன்னேன். கூச்சலைத் தாண்டி எங்கோ நடந்து போனாள் போலும், சத்தம் குறைந்தது. "டிக்கெட்டு பொய்யா?" என்றாள். ஆமாம் என்றேன்.

6.58. மூவரும் ஒரே அழைப்பில். யாரோ இணைத்துக் கொடுத்திருக்கிறார்கள். சேகர் குரல் உற்சாகமாக இருந்தது.

"டீச்சர், நல்லா வந்துட்டேன். எம்பேரு போட்ட அட்டை வெச்சிக்கினு ஒருத்தர் நின்னாரு. எட்டு பேரு கீறோம். ஒருத்தன் திருச்சி."

"சேகர், வெளியே போகாதே. அங்கேயே நில்லு. அந்த டிக்கெட் பொய்."

"ஃப்ளைட்டு சாயந்தரத்துக்கு மாத்திட்டாங்களாம் டீச்சர். வேன்ல ஆபீஸுக்குப் போயி விசா வாங்கினு வரணுமாம்."

"வேன்ல ஏறாதே. யூனிஃபார்ம் போட்டவங்க யாரைப் பாத்தாலும் போய் நில்லு. சத்தம் போடு."

பெட்டிச் சக்கரங்கள் உருளும் சத்தம்.

"நீங்க தானே டீச்சர் சரின்னு சொன்னீங்க?"

"தப்பாப் போட்டுட்டேன் சேகர். நான்தான் தப்பு."

"பாஸ்போர்ட்டு அந்தாளு கிட்ட கீது டீச்சர்." குரல் தணிந்திருந்தது. "எல்லார்தும் வாங்கிக்கினாரு."

வள்ளி: "எய்ந்து ஓடியாடா. பாஸ்போர்ட்டு மசுரு போட்டும்."

யாரோ அவனை அழைத்தார்கள். ஹிந்தி. "தோ வரேன்" என்றான், எங்களிடமா அவர்களிடமா தெரியவில்லை. 7.04 இணைப்பு போயிற்று. அதன் பிறகு அனுப்பிய மெசேஜுக்கெல்லாம் ஒரு டிக் மட்டும்.

மாலை. வள்ளியும் ஏழுமலையும் வந்தார்கள். வள்ளி முகத்தில் சிரிப்பு. மதியம் 3.40க்கு மெசேஜ் வந்ததாம், பஸ்ஸில் கண்டக்டர் படித்துச் சொன்னாராம். நானும் பார்த்தேன். ஆங்கிலத்தில்: ஆக்லாந்து வந்து சேர்ந்துவிட்டேன், பத்திரம், கவலை வேண்டாம்.

ஏழுமலை நின்றபடியே, "காலைல இருந்து இவ சோறு துன்னல. இப்ப இன்னா சொல்ற டீச்சரம்மா?"

நேரத்தைச் சொன்னேன். பாங்காக்கில் 9.10 என்றால் இங்கே 7.40. 3.40 வரை எட்டு மணி நேரம்தான். எட்டு மணியில் 6,800 கி.மீ. போகலாம். இன்னும் 2,700க்கு மேல் பாக்கி. உண்மையாகவே அந்த விமானத்தில் ஏறியிருந்தாலும் அப்போது அவன் நடு வானத்தில் இருப்பான். டிக்கெட்டில் போட்ட 15.40ஐ இந்தியக் கடிகாரத்தில் பார்த்து யாரோ அனுப்பியிருக்கிறார்கள்.

"அன்னிக்கு சரின்னு சொன்னதும் உன் கணக்கு, இன்னிக்கு தப்புன்றதும் உன் கணக்கு. எத்த நம்ப சொல்ற?"

எட்வின் விசிறியின் வேகத்தைக் கூட்டினார்.

வள்ளி போனைக் கையில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். சிரிப்பு எப்போது போயிற்று என்று கவனிக்கவில்லை. "அவன் எனக்கு எய்தி அனுப்ச்சதே இல்ல" என்றாள். "எனக்குப் பட்க்கத் தெரியாதுன்னு இத்த அனுப்ச்சவனுக்குத் தெரில."

ஏழுமலை அப்போதுதான் உட்கார்ந்தார்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

மழை வரும் போல் இருந்து வரவில்லை. நாங்கள் நால்வரும் காவல் நிலையம். எட்வின் பைல் தூக்கிக்கொண்டு, சட்டை இன் பண்ணி.

அதிகாரி நல்ல மனிதர், அவசரத்தில் இருந்தார். "டிக்கெட் இருக்கு. சேந்துட்டேன்னு மெசேஜ் இருக்கு. அப்புறம் என்ன கம்ப்ளெயின்ட் மேடம்?"

நோட்டை நீட்டினேன். சைன், கொசைன் பார்த்ததும் மூடித் திருப்பித் தந்துவிட்டார். உதாரணம் சொல்ல வேண்டியதுதான்.

"சார், தாம்பரத்துல ரயில் ஏறி நாலு நிமிஷத்துல மதுரையில இறங்கினேன்னு ஒருத்தர் டிக்கெட் காட்டினா என்ன செய்வீங்க?"

சிரித்தார். "பிடிச்சு உள்ள போடுவேன்."

"இந்த டிக்கெட்டோட வேகம் அதுதான்."

சிரிப்பு நின்றது. நோட்டை மறுபடி வாங்கினார். கடைசி வரியில் விரலை வைத்து, "இந்த ஒன்றரை எப்படி வந்துச்சு, பொறுமையாச் சொல்லுங்க" என்றார். சொன்னேன். என் முதல் தப்பையும் சேர்த்துச் சொன்னேன். ரசீது கொடுத்தார்கள். தூதரகத்துக்கும் அனுப்புவார்களாம். எந்த நாட்டுத் தூதரகத்துக்கு என்று அவரே கேட்டார். பாங்காக்கிலிருந்து வேன் எந்தப் பக்கம் போயிற்று, யாருக்குத் தெரியும். தூரம் தெரிந்தால் ஊரைக் கண்டுபிடிக்கலாம். இங்கே தூரமும் இல்லை, திசையும் இல்லை.

ஏஜென்ட் போன் அணைந்திருக்கிறது. பல்லாவரத்து அலுவலகத்தில் பூட்டு. பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரர்: "செவ்வாய்க்கிழமையே போர்டைக் கழட்டிட்டாங்க அண்ணா."

ஆகஸ்ட் 9, சனி

கறி, மீன் எதுவும் இல்லை. ரசம்.

வள்ளி நேற்றிலிருந்து வாய்ஸ் மெசேஜாக அனுப்பிக்கொண்டே இருக்கிறாள். "உன் கொரல கேக்கணும்டா. பேசு. இல்லாங்காட்டி நான் போலீசுக்குப் போறேன்." போய்விட்டோம் என்று சொல்ல வேண்டாம் என்பது எட்வின் யோசனை. பதில் எல்லாம் ஆங்கிலத்தில், எழுத்தில். நெட்வொர்க் பிரச்சினை. வேலை அதிகம். கவலை வேண்டாம். அதே மூன்று வாக்கியம், ஒரே வரிசையில். ஒருவர் பல வீடுகளுக்கு அனுப்புவது போல.

எட்டு பேர் என்றான்.

மாத்திரை போட்டேனா இல்லையா, தெரியவில்லை.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

சர்ச்சுக்குப் போகவில்லை. வள்ளி குப்பத்தில் இன்று அம்மனுக்குக் கூழ் ஊற்றும் நாள். அவளும் போகவில்லை. காலை பத்து மணிக்கே நம் வீட்டுக்கு வந்து ஹாலில் தரையில் உட்கார்ந்துவிட்டாள். நாற்காலியில் உட்காரச் சொன்னேன். "கீயவே இருக்கட்டும்" என்றாள். ஏழுமலை வாசலில் பீடியோடு.

மாலை அழைப்பு வந்தது. தெரியாத நம்பர். ஸ்பீக்கரில் போட்டோம்.

"அம்மா."

"சேகரு. எப்டிடா கீற?"

"நல்லா கீறேன். ஒரு நிமிசம் தான் பேசணும்."

"சாப்டியா?"

"ம்."

"கொரல் ஏன் ஒரு மாரி கீது?"

"தூங்கி எய்ந்தேன்."

பின்னால் நிறைய பேர் தட்டச்சு செய்யும் சத்தம், ஓயாமல். எவனோ பக்கத்திலிருந்து ஒரு வார்த்தை சொன்னான். எங்கே இருக்கிறாய் என்று கேட்டால் துண்டித்துவிடுவார்கள். அவனுக்கு அடி விழும். துண்டுச் சீட்டில் "மணி" என்று எழுதி வள்ளியிடம் நீட்டினேன். நீட்டிய பிறகுதான் உறைத்தது, அவளுக்குப் படிக்க வராது. சுவர்க் கடிகாரத்தைக் கை காட்டினேன். பார்த்தாள். கெட்டிக்காரி.

"கண்ணு, அங்க இன்னா மணிடா? இன்னும் தூங்கினு கீற?"

"ஆறாவ அஞ்சு நிமிசம்மா. செவுத்துல பெரிய கடிகாரம் கீது. அம்மா, அப்பாவ…"

போய்விட்டது.

நம் கடிகாரத்தில் ஐந்து அடிக்க ஐந்து நிமிடம். போனிலும் 4.55.

நியூசிலாந்து என்றால் அவன் இரவு 11.25 சொல்லியிருக்க வேண்டும். பாங்காக் என்றால் 6.25. அவன் சொன்னது 5.55. நமக்குச் சரியாக ஒரு மணி முன்னால். அந்தப் பக்கத்தில் அப்படிக் கடிகாரம் வைத்திருக்கும் நாடு ஒன்றுதான். மூன்று முறை போட்டேன். கூட்டியும் பார்த்தேன், கழித்தும் பார்த்தேன். எட்வினைத் தனியாகப் போடச் சொன்னேன், என் விடையைக் காட்டாமல். அவருக்கும் அதுவே வந்தது.

"மியான்மர்" என்றேன்.

வள்ளி நிமிர்ந்து பார்த்தாள். "அது எங்க கீது?"

"பர்மா."

ஏழுமலை உள்ளே வந்திருந்தார். "அங்கருந்து இங்க எவ்ளோ தூரம் டீச்சரம்மா?" என்று கேட்டார். முதல் தடவையாகக் கோபம் இல்லாமல் என்னிடம் ஒன்று கேட்கிறார். எந்த ஊர் என்று தெரியாமல் தூரம் போட முடியாது என்று அவரிடம் சொல்ல மனம் வரவில்லை. பக்கம்தான் என்றேன்.

அதிகாரிக்குப் போன் செய்தாயிற்று. வேலை என்று கூட்டிப்போய், அங்கே ஆன்லைன் மோசடிக் கூடங்களில் அடைத்து டைப் அடிக்க வைக்கிறார்களாம். நாளைக் காலை ஒன்பது மணிக்கு எழுதிக் கொண்டுவரச் சொன்னார். மற்ற ஏழு பேரின் வீடுகளையும் தேடுகிறார்களாம், திருச்சிப் பையனிலிருந்து தொடங்கி. அந்த வீடுகளுக்கும் இதே ஒரு நிமிட அழைப்பு வரும். அவர்களுக்கு என்ன சொல்ல வேண்டும் என்று கேட்டார். சைன் வேண்டாம், கொசைன் வேண்டாம். எல்லோராலும் முடிந்தது ஒன்றே ஒன்றைத் தனித் தாளில் எழுதி வைத்துவிட்டேன்:

தூரத்திலிருந்து பிள்ளை கூப்பிட்டால், அங்கே மணி என்ன என்று கேளுங்கள். அவன் சொன்ன அந்த நொடியே உங்கள் வீட்டுக் கடிகாரத்தைப் பார்த்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள்.